பைய யோகா: நாகர்கோவிலில் மூன்று மாதம்

வகுப்பு நடக்கும் கூடம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்களையும் இடுப்புப் பிடிப்புக்காரர்களையும் நம்பி நடத்தப்படும் ஒரு யோகா வகுப்புக்கு முப்பத்து நான்கு படி ஏறித்தான் போக வேண்டும் என்பதும், அந்தப் படிக்கட்டின் மேல்பாதியில் கைப்பிடி இல்லை என்பதும் நான் முதலில் சொல்ல வேண்டிய குறைகள். படிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன இருவரை நானே அறிவேன். ஏறி உள்ளே போனவர்களுக்குக் கிடைப்பது அந்தச் சிரமத்துக்குத் தகுந்தது என்பது மூன்று மாதம் போய்வந்தபின் என் எண்ணம்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரம் எழுதுகிறவன். கிரயம், தானம், பாகப்பிரிவினை என்று எதை எழுதினாலும் நான்கு எல்லையையும் சொல்லாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை. இந்த மதிப்புரையும் அப்படி நீண்டுவிட்டால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கையால் எழுதிய காலத்தில் குனிந்த முதுகு, கணினி வந்தபின்னும் நிமிரவில்லை. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. சென்ற ஆண்டு வலது தோள் இறுகிப்போய், பரணிலிருந்து ஒரு பழைய ஆவணக் கட்டை எடுக்கக்கூட இடது கையை நம்ப வேண்டியதாயிற்று. தோள் இப்படி இறுகுவது சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடுதலாக வரும் என்று மருத்துவர் சொன்னார். என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நாங்கள் இருவரும் சேர்ந்தே இந்த வகுப்பில் சேர்ந்தோம்.

வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் வகுப்பு இருக்கிறது. கீழே தொங்கும் பலகையில் 'ஜென்டில் யோகா' என்று எழுதியிருக்கிறார்கள். உள்ளே யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. கோட்டாற்றிலிருந்து வரும் எழுபது வயது கடந்த அம்மா ஒருவர், எங்களைப் படிக்கட்டில் பார்த்த முதல் நாளே, "நம்ம பைய யோகாவுக்கு நீங்களும் வந்தாச்சா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் 'பைய' என்றால் மெதுவாக, பதறாமல் என்று பொருள். பலகையில் உள்ள பெயரைவிட இந்தப் பெயர்தான் வகுப்புக்குப் பொருந்துகிறது.

இந்த மாவட்டத்துக்கு யோகா புதிய செய்தி அன்று. 1970இல் கன்னியாகுமரிக் கடலில் விவேகானந்தர் பாறை நினைவு மண்டபத்தை எழுப்பி முடித்த ஏக்நாத் ரானடே, 1972இல் விவேகானந்த கேந்திரத்தைத் தொடங்கினார். அதன் வளாகமான விவேகானந்தபுரத்தில் நடக்கும் யோகப் பயிற்சி முகாம்களைப் பற்றி அறியாதவர்கள் இங்கே குறைவு. 2015 முதல் ஜூன் 21ஆம் நாளைப் பன்னாட்டு யோகா நாளாகக் கொண்டாடத் தொடங்கியபின் பள்ளி மைதானங்களிலும் விரிப்புகள் வந்துவிட்டன. ஆனாலும் யோகா என்றவுடன் எங்கள் வயதுக்காரர்களின் மனத்தில் எழும் படம், தலைகீழாக நிற்கும் ஓர் இளைஞனின் படம்தான். அந்தப் படத்தை நம்பி நான் ஒருமுறை பட்டதுண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் சேர்ந்தபோது, காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் ஆசனத்தில் என் நெற்றி முழங்காலைத் தொடவில்லை என்பதற்காக, பயிற்றுநர் என் முதுகில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அமுக்கினார். இடுப்பில் சுருக்கென்று ஒரு பிடிப்பு விழுந்தது. பிறகு மூன்று வாரம் வர்ம ஆசானிடம் எண்ணெய் தடவிக்கொண்டு கிடந்தேன்; யோகாவுக்கும் எனக்கும் இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று வீட்டில் சொல்லியும் வைத்திருந்தேன்.

அந்த அனுபவத்தோடு போனவனுக்கு, புதிய வகுப்பில் முதல் நாள் விரிப்பே கிடைக்கவில்லை என்பது வியப்பாக இருந்தது. டீச்சர், அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் கேள்வி கேட்டார். இரத்த அழுத்தம் உண்டா, என்ன மாத்திரை, எந்த நேரத்தில் சாப்பிடுகிறீர்கள். கண்ணில் அழுத்தம் இருப்பதாகக் கண் மருத்துவர் சொன்னதுண்டா. குடலிறக்கம், எலும்புப்புரை உண்டா. அறுவை செய்த இடம் எது. கடந்த ஓராண்டில் தடுமாறி விழுந்ததுண்டா. கடைசிக் கேள்வியை எந்த மருத்துவமனையிலும் என்னிடம் கேட்டதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காரணம் இருப்பது பிறகு தெரிந்தது. கண்ணில் அழுத்த நோய் உள்ளவர்கள் தலையை இதயத்துக்குக் கீழே கொண்டுபோனால் கண்ணின் அழுத்தம் ஏறும். எலும்புப்புரை உள்ளவர்கள் முதுகை வளைத்து முன்னால் குனிந்தால் முதுகெலும்புக் கணுக்களின் முன்பக்கத்தில் பாரம் விழுந்து, கணு நொறுங்கவும் கூடும். குடலிறக்கம் உள்ளவர் வயிற்றை இறுக்கக் கூடாது. இந்தக் கேள்விகளைக் கேட்காமலே விரிப்பைக் காட்டும் வகுப்பு எதுவானாலும், அதன் பெயரில் எத்தனை மென்மை இருந்தாலும், அங்கிருந்து திரும்பி வந்துவிடலாம் என்பது என் கருத்து.

வகுப்பு ஒரு மணி நேரம். திங்கள், புதன், வெள்ளியில் காலை 6.15க்கு ஒரு அணி. செவ்வாய், வியாழன், சனியில் மாலை 5 மணிக்கு ஒரு அணி. மாதத்துக்கு 900 ரூபாய். ஓர் அணியில் பதினான்கு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஆடி அமாவாசைக்கும் ஓணத்துக்கும் விடுமுறை விட்டார்கள். அந்த நாட்களுக்கு ஈடாக வேறு நாளில் வகுப்பு வைக்கவில்லை என்பதைக் கணக்குப் பார்க்கிறவர்களுக்காகக் குறித்துவைக்கிறேன்.

முதல் பத்து நிமிடம் பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். விரல்களை மடக்கி விரிக்கிறோம், மணிக்கட்டைச் சுழற்றுகிறோம், கணுக்காலை முன்னும் பின்னும் அசைக்கிறோம், தோளைக் காதுவரை தூக்கி இறக்குகிறோம். கழுத்தை முழு வட்டமாகச் சுழற்றவிடுவதில்லை. பக்கவாட்டில் சாய்ப்பதும் திருப்புவதும் மட்டும்தான். ஒவ்வோர் அசைவும் மூச்சோடு கட்டப்பட்டிருக்கிறது. மூச்சு உள்ளே வரும்போது கை ஏற வேண்டும், வெளியே போகும்போது இறங்க வேண்டும், மூச்சு முடிவதற்கு முன் கை முடிந்துவிடக் கூடாது. இது எளிது என்று நினைத்தவன் நான். முதல் வாரம் முழுவதும் என் கை மூச்சைவிட முந்திக்கொண்டே இருந்தது. மூச்சை வெளியே விடும் நேரத்தில் இதயத் துடிப்பு இயல்பாகவே சற்று மெதுவாகும் என்பதால், வெளிமூச்சை நீட்டுவதே இந்த வகுப்பின் பாதி வேலை என்று டீச்சர் சொல்வார். மூச்சை அடக்கி நிறுத்தும் பயிற்சி இங்கே கிடையாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அணியில் பாதிப் பேர் இருக்கும்போது அது கூடாது என்பதுதான் சரி. மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்தியும், உதட்டை மூடி வண்டுபோல் ரீங்கரிக்கும் பிராமரியும் உண்டு. வயிற்றை வேகமாக உதறும் கபாலபாதியைக் கேட்டவர்களுக்கு, அது வேறு வகுப்பு என்று பதில் வந்தது.

பிறகு வரும் ஆசனங்களில் ஒரே ஆசனத்தை ஒரே நேரத்தில் நான்கு விதமாகச் செய்வதைப் பார்க்கலாம். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, பூனையைப் போல முதுகை ஏற்றி இறக்கும் மார்ஜாரி ஆசனத்தை நான் விரிப்பில் செய்கிறேன். முழங்காலை ஊன்ற முடியாத என் மனைவி மேசையின் விளிம்பில் கைகளை வைத்து நின்றபடி அதையே செய்கிறாள். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறார். கோட்டாற்று அம்மா சுவரில் கை வைத்துச் செய்கிறார். யாருடையதும் குறைந்த ஆசனம் என்று கருதப்படுவதில்லை. ஆளுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்றும் இந்த முறையைச் சிலர் கலப்படம் என்று பேசக் கேட்டிருக்கிறேன். ஆனால், மைசூரிலும் பின்பு சென்னையிலும் யோகா கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம், இதே நெறியை வைத்துத்தான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பயிற்சி வகுத்தது. அதே கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவரான பி.கே.எஸ். ஐயங்கார் புனேயில் நாற்காலி, துணிப்பட்டை, மரக்கட்டை எல்லாவற்றையும் ஆசனத்துக்குத் துணையாகக் கொண்டுவந்தார். நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறவர் கூச்சப்படத் தேவையே இல்லை.

ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் மட்டும் எல்லோரும் சுவரருகே போய்விட வேண்டும் என்பது கட்டாயம். தூக்கிய பாதத்தைத் தொடையில் வைக்கச் சொல்வதில்லை. பெருவிரல் தரையில் இருக்க, குதிகாலை மட்டும் மற்றக் கணுக்காலில் சாய்த்தால் போதும். ஒரு விரல் நுனி சுவரில் பட்டுக்கொண்டிருக்கும். முதல் மாதத்தில் ஐந்து எண்ணுவதற்குள் ஆடிப்போனேன். இப்போது இருபதுவரை நிற்கிறேன், விரல் நுனியோடுதான். வயதானவர்களின் எலும்பு முறிவுகளுக்குப் பெரும்பாலும் காரணம் தடுமாறி விழுவதுதான் என்பதை நினைத்தால், இந்த இருபது எண்ணிக்கை எனக்குத் தோள் வலி குறைந்ததைவிடப் பெரிய லாபமாகப் படுகிறது.

எதுவரை போகலாம் என்பதற்கு டீச்சர் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான்: இழுப்பு இருக்கலாம், குத்தல் கூடாது. முகம் சுளித்தாலோ மூச்சு முட்டினாலோ பாதித் தூரம் திரும்பி வந்துவிட வேண்டும். யாருடைய உடம்பிலும் கேட்காமல் அவர் கை வைத்ததில்லை. பெரும்பாலும் கை வைப்பதே இல்லை. எங்கள் மாவட்டத்தில் சுளுக்கு என்றால் ஆசானிடம் போய் உழிச்சல் செய்துகொள்ளும் வழக்கம் ஆழமாக இருப்பதால், யோகா ஆசிரியரும் நரம்பைத் தட்டிச் சரிசெய்ய வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். ஒருவர் கழுத்தைச் சொடுக்கு எடுத்துவிடச் சொன்னபோது, "அது என் படிப்பு இல்ல அண்ணாச்சி, ஆசான்ட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார். அந்த இடத்தில் அவர் மேல் எனக்கு நம்பிக்கை கூடியது.

கடைசி இருபது நிமிடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். முழங்கால் முதல் பாதம்வரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் கிடக்க, முதுகு தரையில் படியுமாறு படுக்கிறோம். முதல் நாள் நான் வேட்டியில் போயிருந்தேன் என்பதையும், காலைத் தூக்கி நாற்காலியில் வைக்கச் சொன்ன கணத்தில் பட்ட சங்கடத்தையும், அன்று மாலையே மீனாட்சிபுரத்தில் 350 ரூபாய்க்கு ஒரு கால்சட்டை வாங்கியதையும் ஆண்களின் நன்மைக்காகச் சொல்லிவைக்கிறேன். பிறகு காலை இறக்கி, மல்லாந்து அசையாமல் கிடக்கும் சவாசனம். கூன் விழுந்த முதுகு என்பதால் தரையில் தலை வைத்தால் என் தாடை மேலே தூக்கிக்கொள்ளும், கழுத்து பின்னால் ஒடியும். டீச்சர் அதைக் கவனித்து, ஒரு துண்டை நான்காக மடித்துத் தலைக்குக் கீழே வைத்தார். பிறகு பக்கவாட்டில் குனிந்து பார்த்து, இன்னும் ஒரு மடிப்பு கூட்டினார். நெற்றியும் தாடையும் ஒரே மட்டத்துக்கு வந்தவுடன், தொண்டையில் இத்தனை ஆண்டு ஏதோ ஒரு கயிறு இழுத்துக் கட்டியிருந்தது என்பது அது அவிழ்ந்தபோதுதான் தெரிந்தது. அன்று குறட்டை விட்டேனாம், மனைவி சொன்னாள்.

சவாசனத்திலிருந்து எழுப்பும் முறைதான் இந்த வகுப்பை மற்றவற்றிலிருந்து பிரிக்கிறது. "எழும்புங்க" என்ற சொல் வருவதற்கு முன்பே விரல்களை அசைக்கச் சொல்கிறார். பிறகு முழங்கால்களை ஒவ்வொன்றாக மடக்க வேண்டும்; அப்படியே வலப்பக்கம் ஒருக்களித்து, வலது கையைத் தலையணையாக வைத்து, மூன்று மூச்சு அங்கேயே கிடக்க வேண்டும். இடது உள்ளங்கையை மார்புக்கு முன்னால் தரையில் ஊன்றி, தலை கடைசியாக வரும்படி உடம்பைத் தூக்க வேண்டும். உட்கார்ந்தபின் மீண்டும் ஐந்து மூச்சு. அதற்குப் பிறகுதான் நாற்காலியைப் பிடித்து நிற்பது. இதற்கு நான்கு நிமிடம் ஆகிறது. முதலில் எனக்கு இது வீண் சடங்காகப் பட்டது. படுத்திருந்தவர் சட்டென்று நின்றால் இரத்தம் காலுக்கு இறங்கி, அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும் என்பதும், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது கூடுதலாக நேரும் என்பதும் விளங்கியபின், வீட்டில் விடியற்காலையில் கட்டிலிலிருந்து எழும்போதும் இப்படியே எழுகிறேன். ஒருமுறை டீச்சர் ஊருக்குப் போயிருந்த வாரத்தில் வகுப்பெடுத்த மாற்று ஆசிரியர், நேரமாகிவிட்டது என்று சவாசனத்தை இரண்டு நிமிடத்தில் முடித்து, கை தட்டி எல்லோரையும் எழுப்பினார். நடத்துநர் எழுந்த வேகத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாற்று ஆசிரியர்களுக்கும் இதே பயிற்சியைக் கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு.

எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். என் அக்காள் மகன், முப்பது வயதுக்காரன், ஒரு வாரம் வந்துவிட்டு, "மாமா, இதுல வேர்க்கவே இல்லியே" என்று நின்றுவிட்டான். அவன் சொன்னது சரிதான். உடல் எடை குறைய இது வழியன்று. மூன்று மாதத்தில் என் எடை அப்படியேதான் இருக்கிறது, சர்க்கரையின் அளவிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. உலக நலவாழ்வு நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. அதில் இந்த வகுப்பின் பெரும்பகுதி சேராது. அறுபத்தைந்தைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சியைச் செய்ய வேண்டும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. அங்கேதான் இந்த வகுப்பு கைகொடுக்கிறது. ஆகவே மாலை நடையை நான் விடவில்லை. தோளைப் பொறுத்தவரை, சட்டையைத் துணையின்றிப் போட்டுக்கொள்ள முடிகிறது, பரணின் கீழ்த்தட்டை வலது கை எட்டுகிறது, மேல்தட்டை எட்டவில்லை. தோள் இறுக்கம் காலப்போக்கில் தானாகவும் இளகக்கூடியது என்பதால், முழுப் பெருமையையும் வகுப்புக்குக் கொடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. மனைவியின் முழங்கால் தேய்மானம் போய்விடவில்லை. ஆனால் முப்பத்து நான்கு படியை அவள் முன்புபோல நடுவில் நிற்காமல் ஏறுகிறாள்.

இந்த நிலையில், படிக்கட்டின் அடியில் தொங்கும் அறிவிப்பு எனக்கு ஒப்பவில்லை. 'சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, ஆஸ்துமா குணமாகும்' என்று அதில் அச்சடித்திருக்கிறார்கள். ஆதாரமில்லாத இப்படிப்பட்ட வாசகத்தைப் பத்திரத்தில் எழுதினால் சார்பதிவாளர் திருப்பி அனுப்பிவிடுவார். டீச்சர் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை. மாறாக, வாட்ஸ்அப் குழுவில் யாரோ மாத்திரையை நிறுத்தச் சொல்லிப் பரப்பிய செய்தியை அவரே நீக்கிவிட்டு, மருத்துவர் சொல்லாமல் எதையும் நிறுத்தாதீர்கள் என்று எழுதினார். காலை அணியில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், வெறும் வயிற்றில் வரலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுவிட்டே வர வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்கிறார். சர்க்கரை தாழ்ந்தால் கொடுப்பதற்குக் குளுக்கோஸ் பொட்டலமும் கூடத்தில் இருக்கிறது. மாலை அணிக்கு வருபவர்கள் மதியச் சோற்றுக்குப் பின் மூன்று மணி நேரமாவது விட்டுவிட்டு வருவது நல்லது. இடையில் பசித்தால் ஒரு மட்டி வாழைப்பழம் போதும்.

மந்திரம் சொல்ல வைப்பார்களோ என்று தயங்கும் நண்பர்கள் எங்கள் மாவட்டத்தில் உண்டு. இந்த வகுப்பில் மூன்று சமயத்தவரும் இருக்கிறார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் கண்ணை மூடி ஒரு நிமிடம் அமைதி, அவ்வளவுதான். பெண்களில் பலர் சுடிதாரில் வருகிறார்கள். இருபத்தெட்டு ஆண்டு புடவையைத் தவிர வேறு உடுத்தாத என் மனைவி, இரண்டாவது வாரத்தில் மகளின் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு, தெரு முனை திரும்பும்வரை எனக்குப் பின்னால் நடந்து வந்தாள். இப்போது முன்னால் நடக்கிறாள்.

பொது விரிப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். தென்மேற்குப் பருவமழை பெய்த வாரங்களில் அவை காயாமல் ஒருவித வாடை அடித்தன. சொந்த விரிப்பும், தலைக்கு மடித்து வைக்க ஒரு பழைய துண்டும் கொண்டுபோவது நல்லது. ஆடிக்காற்றில் தெற்குச் சன்னல் படீரென்று அடிக்கும், ஆகவே அந்தப் பக்கம் படுக்காதீர்கள். முழங்கால் தொல்லை கூடுதலாக உள்ளவர்களுக்கு, கூட்டம் குறைந்த மாலை அணியே பொருத்தம். படிக்கட்டைப் பற்றி நாங்கள் ஏழு பேர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். மனுவை நான்தான் எழுதினேன், நான்கு எல்லையோடு. சென்ற வெள்ளியன்று வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் வந்து மேல்பாதிக்குக் கைப்பிடி வைக்க அளவு எடுத்துப் போயிருக்கிறார்.